எதிர்பார்த்த புள்ளிகள் ஏன் வரவில்லை: கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தாக்குதல் ஆட்டத்தை ஆராயும் முறை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாருக்குக் கிழக்கே கோவை, பொள்ளாச்சியிலும் மேற்கே பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூரிலும் உள்ள கல்லூரிகளில் கூடைப்பந்து அணியைக் கவனித்துக்கொள்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் உயரமான மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மாலைப் பயிற்சியில் பந்து தாராளமாகக் கூடைக்குள் விழுகிறது. ஆனால் பல்கலைக்கழக மண்டலப் போட்டி தொடங்கியதும் அறுபது புள்ளிகளை எட்டவே அணி திணறுவது ஏன்? பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பையன்களுக்கு ஷூட்டிங் சரியில்லை” என்பதுதான். ஷூட்டிங்கில் குறை இருக்கலாம் என்றாலும், அதை முதல் காரணமாக வைத்து நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஷாட்டுகளை அடிக்க வைப்பதற்கு முன்னால், புள்ளிகள் உண்மையில் எந்த இடத்தில் கைநழுவுகின்றன என்பதை எண்ணிப் பார்த்துவிட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஆட்டத்தைப் பதிவுசெய்ய ஒரு கைப்பேசியும் இருந்தால் உடற்கல்வி இயக்குநரோ அணித் தலைவரோ இந்த ஆய்வைத் தாமே செய்துவிட முடியும்.

முதலில் ஆராய வேண்டியது எதிர்பார்ப்பையே. சென்ற ஆண்டு சராசரியாக எழுபது புள்ளிகள் எடுத்த அணி இந்த ஆண்டு அறுபது எடுத்தால் தாக்குதல் ஆட்டம் சரிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு வேகமாக ஓடி ஆடிய அணி, கூடைக்கு அருகே ஆடும் உயரமான சென்டர் வந்தபின் நிதானமாக ஆடத் தொடங்கியிருந்தால், ஒரு ஆட்டத்தில் பந்து கைக்கு வரும் தடவைகளே குறைந்திருக்கும். எனவே மொத்தப் புள்ளிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. பந்து ஒரு தடவை கைக்கு வந்தால் எத்தனை புள்ளி கிடைக்கிறது என்பதே சரியான அளவுகோல். பந்து ஓர் அணியின் வசம் வந்தது முதல் எதிரணியின் வசம் போகும் வரையிலான காலத்தை ஒரு பொசஷன் என்கிறோம். வீடியோவைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணலாம். நேரமில்லாவிட்டால், எடுத்த ஷாட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய நம் ஷாட்டை நாமே மீண்டும் பிடித்த தடவைகளை) கழித்து, டர்ன்ஓவர்களை (ஷாட் எடுக்காமலேயே பந்தை இழந்த தடவைகளை) கூட்டி, எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கிச் சேர்த்தால் ஏறத்தாழ அதே எண் கிடைக்கும். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைப்பதாலும், ஷாட் விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ புதிய பொசஷன் ஆகாது என்பதாலும் அந்தப் பெருக்கெண் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருக்கிறது.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் அணி 62 ஷாட் எடுத்து 22 ஐக் கூடைக்குள் போட்டிருக்கிறது; அவற்றில் மூன்று புள்ளி ஷாட்டுகள் 20 எடுத்து 4. ஃப்ரீ த்ரோ 16 இல் 9. தாக்குதல் ரீபவுண்ட் 9, டர்ன்ஓவர் 20. மொத்தம் 57 புள்ளிகள், 80 பொசஷன்கள், ஒரு பொசஷனுக்கு 0.71 புள்ளி. இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் அந்த 20 இல் 4 என்பதைத்தான் பேசுவார்கள், ஏனென்றால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து கண்ணில் நிற்கும். ஆனால் பந்தை இழக்காமல் முடித்த 60 பொசஷன்களில் இந்த அணி ஒவ்வொன்றுக்கும் 0.95 புள்ளி எடுத்திருக்கிறது. டர்ன்ஓவர் 20 என்பதை 13 ஆகக் குறைத்தால், ஷூட்டிங் துளிகூட மேம்படாமலேயே ஆறு, ஏழு புள்ளிகள் கூடும். மூன்று புள்ளி ஷாட்டில் இன்னும் இரண்டு விழுந்திருந்தாலும் அதே ஆறு புள்ளிதான். இரண்டில் எது பயிற்சியால் விரைவில் கைவரும் என்று கேட்டால், தயக்கமின்றி முதலாவதையே சொல்வேன்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் தாக்குதல் ஆட்டத்தின் பலனை நான்கு கூறுகளாகப் பிரித்து, அவற்றுக்குத் தோராயமான எடையும் கொடுத்தார்: ஷூட்டிங்கின் திறன் 40 சதவீதம், பந்தை இழக்காமை 25, தாக்குதல் ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15. ஷூட்டிங்கின் திறனைக் கணக்கிடும்போது விழுந்த ஷாட்டுகளோடு, விழுந்த மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, எடுத்த ஷாட்டுகளால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 38.7 சதவீதம். டர்ன்ஓவர் விகிதம் 25 சதவீதம், அதாவது நான்கு தடவை பந்து வந்தால் ஒரு தடவை ஷாட்டே இல்லை. இந்த நான்கு எண்களையும் எதிரணிக்கும் சேர்த்துக் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதினால், அதே தளத்தில், அதே நடுவர்களின் கீழ், அதே வெயிலில் மற்ற அணி என்ன செய்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கணக்கை வைத்து யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு முப்பது போடும் திறமையுள்ள அணி 20 ஷாட் எடுத்தால் ஒரு நாள் 4 விழும், இன்னொரு நாள் 8 விழும். இரண்டுமே இயல்பான ஏற்ற இறக்கம். ஓர் ஆட்டம் மோசமாகப் போனதற்காக நல்ல ஷூட்டர் ஒருவரைத் திட்டிவிட்டால், அடுத்த ஆட்டத்தில் அவர் காலியாக நிற்கும்போதும் ஷாட் எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் தவறிய ஷாட்டை விடப் பெரிய சேதம். குறைந்தது நூறு ஷாட்டாவது சேர்ந்த பிறகே அந்த எண்ணைப் பொருட்படுத்தலாம்.

தளத்தையும் காற்றையும் அளப்பது

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தை வெளியூர்ப் பயிற்சியாளர்கள் எளிதில் தவறவிடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டிலும், இந்தப் பக்கம் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்திலும் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள். அதே காற்றுதான் நம் திறந்தவெளி சிமெண்டுத் தளங்களிலும் வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கும் ஆட்டங்களில் எந்தப் பக்கக் கூடையில் எத்தனை மூன்று புள்ளி ஷாட்டுகள் எடுத்தோம், எத்தனை விழுந்தன என்பதைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறுவதால், காற்றின் விளைவு களைப்பைப் போலத் தோன்றக்கூடும். பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய முடியும். காற்றுக்கு எதிரான பாதியில் பந்தைக் கூடைக்கு அருகே கொண்டுசெல்வதும், மற்றப் பாதியில் வெளியிலிருந்து தாராளமாக எடுப்பதும் என முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளலாம்.

பயிற்சித் தளத்தின் கோடுகளையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010 இல் மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு நகர்த்தியது. கூடைக்கு முன்னுள்ள பகுதியும் சரிவகத்திலிருந்து செவ்வகமானது. உங்கள் தளத்தில் பழைய கோட்டின் மேலேயே ஆண்டுதோறும் வண்ணம் பூசிக்கொண்டு வந்திருந்தால், மாணவர்கள் அரை மீட்டர் அருகிலிருந்து பழகி, போட்டிக்குப் போனதும் வளையத்தின் முன் விளிம்பில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஷாட்டுகள் தொடர்ந்து குட்டையாகவே தவறினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

24 விநாடி எங்கே போகிறது

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து அவற்றின் தாக்குதல் அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் எடுக்க 30 விநாடி உண்டு. 2015 வரை 35 விநாடி இருந்தது. பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர அவர்களுக்குப் பத்து விநாடி. நமக்கோ மொத்தம் 24 விநாடி, நடுக்கோட்டைத் தாண்ட எட்டு. எதிரணி முழுத் தளத்திலும் அழுத்தம் கொடுத்து ஏழு விநாடியைத் தின்றுவிட்டால், மிச்சம் பதினேழு விநாடிதான். நான்கு பாஸ், மூன்று ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) முடிந்து ஐந்தாவது அசைவில் ஷாட் வரும்படி வகுக்கப்பட்ட அமைப்பு இங்கே பாதி வழியிலேயே முடிந்துபோகும். கடைசி நான்கு விநாடியில் யார் கையில் பந்து இருக்கிறதோ அவர் எப்படியாவது எறிய வேண்டிய நிலை வரும்.

இதைக் கண்டறிய, ஒவ்வொரு ஷாட்டும் எத்தனையாவது விநாடியில் எடுக்கப்பட்டது என்பதை வீடியோவிலிருந்து குறித்து, முதல் எட்டு, அடுத்த பத்து, கடைசி ஆறு என மூன்று பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். கடைசி ஆறு விநாடியில் எடுத்த ஷாட்டுகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், உங்கள் அமைப்பு நேரத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். பயிற்சித் தளத்தில் விநாடி காட்டும் பலகை இல்லாத கல்லூரிகளில் இந்தக் குறை இன்னும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் மாணவர்கள் அவசரத்தைப் போட்டியில்தான் முதன்முதலாக உணர்கிறார்கள். ஆடாமல் நிற்கும் மாணவர் ஒருவரைக் கடிகாரத்துடன் நிறுத்தி, பத்து, ஐந்து என உரக்கச் சொல்ல வையுங்கள். வளையத்தில் பட்ட பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் பிடித்தால் கிடைப்பது 14 விநாடி மட்டுமே என்பதையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துவிட வேண்டும்.

டர்ன்ஓவர்களை எண்ணினால் மட்டும் போதாது, வகை பிரிக்க வேண்டும். எதிரணி பாஸை வெட்டி எடுத்து ஓடிப் போய் கூடைக்கு அருகிலிருந்து லே-அப் போட்டால் நாம் ஒரு பொசஷனை இழப்பதோடு எதிரணிக்கு மிக எளிதான ஒன்றையும் கொடுக்கிறோம். நடை தவறு அல்லது எல்லைக்கு வெளியே போன பந்து அந்த அளவுக்குச் சேதம் செய்யாது, ஏனென்றால் தடுப்புக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது. நடை தவறுகள் பெரும்பாலும் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது) தொடங்கும் கணத்தில் நிகழ்கின்றன: பந்து கையை விட்டுப் பிரிவதற்கு முன்பே ஊன்றிய கால் எழும்பிவிடுகிறது. முதலாண்டு மாணவர்களிடம் இதை ஒரு வாரப் பயிற்சியில் திருத்திவிடலாம். வெட்டப்பட்ட பாஸ்களுக்கான காரணமோ ஆழமானது, பெரும்பாலும் அடுத்துச் சொல்லப்போகும் இடைவெளிக் குறையில்தான் அது வேர்கொண்டிருக்கிறது.

ஆட்டக்காரர்களுக்கு இடையிலான இடைவெளி

நான் பார்த்த வரையில் இந்த வட்டாரக் கல்லூரி அணிகளின் தாக்குதல் ஆட்டம் எதிர்பார்ப்புக்குக் கீழே போவதற்கு மிகப் பெரிய காரணம் இதுவே. உயரமான சென்டர் வந்ததும் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கிறார்கள்; அல்லது இன்னொரு உயரமான ஆட்டக்காரர் அவருக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறார். அப்போது எதிரணியின் நான்கு பேர் கூடைக்கு அருகே குவிந்து நிற்க முடிகிறது. சென்டருக்குத் திரும்பக்கூட இடமில்லை. அவர் வெளியே கொடுக்கும் பாஸை வெட்டுவது எளிதாகிறது. சென்டர் சரியில்லை என்று அவர்மீது பழி விழுகிறது, ஆனால் அவருக்கு இடம் கொடுக்காதவர்கள் மற்ற நால்வர்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. தளத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, மாடி வராண்டா போன்ற உயரமான இடத்திலிருந்து ஆட்டத்தைப் பதிவுசெய்யுங்கள். பந்து சென்டரின் கைக்குப் போகும் அல்லது ஒருவர் கூடையை நோக்கி டிரைவ் தொடங்கும் கணத்தில் வீடியோவை நிறுத்தி, கூடைக்கு முன்னுள்ள செவ்வகத்துக்குள் எதிரணியினர் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு பேர் என்றால் இடைவெளி நன்றாக இருக்கிறது. நான்கு பேர் என்றால் நம்மவர்களில் வெளியே நிற்கும் இருவரை எதிரணி பொருட்படுத்தவே இல்லை. அந்த இருவர் யார் என்று பெயர் குறித்தால், எந்த ஐவரைச் சேர்த்து இறக்கக் கூடாது என்பது தானே விளங்கும். ஷூட் செய்யாத இருவரை ஒரே நேரத்தில் களத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாமவரின் ஷூட்டிங்கைக் குறை சொல்வது நியாயமில்லை.

எதிரணி சோன் தடுப்பு (ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு பகுதியைக் காப்பது), குறிப்பாக முன்னே இருவரும் கூடையருகே மூவரும் நிற்கும் 2-3 அமைப்பு ஆடும்போது இந்தக் குறை இரட்டிப்பாகும். பந்து வெளிவட்டத்திலேயே கைமாறி, கடைசியில் ஒரு தொலைதூர ஷாட்டில் முடியும். நல்ல பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒருவரை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்தி, ஷாட்டுக்கு முன் பந்து ஒரு தடவையாவது அவர் கையைத் தொட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அவர் பந்தைப் பிடித்துத் திரும்பினால் சோனின் நடுவில் நிற்பவர் மேலே வர வேண்டும், அல்லது அவருக்குக் காலியான ஷாட் கிடைக்கும். நடுவில் நிற்பவர் மேலே வந்தால் கூடைக்குக் கீழே நம்மவர் தனியாக இருப்பார். சோன் ஆடுபவர்களுக்குக் குறிப்பிட்ட ஆளைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு இல்லாததால், ரீபவுண்டுக்கு இருவரை அனுப்பினாலும் பலன் கிடைக்கும்.

ஷாட் எடுத்த இடத்தையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மூன்றில் ஒன்று விழும் மூன்று புள்ளி ஷாட்டும், இரண்டில் ஒன்று விழும் இரண்டு புள்ளி ஷாட்டும் ஒரே மதிப்புடையவை, ஒரு ஷாட்டுக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்குள் ஒரு காலை வைத்து எடுக்கும் நீண்ட ஷாட் நூற்றுக்கு 35 விழுந்தாலும் 0.7 தான். பயிற்சியில் அழகாக விழுகிறது என்பதற்காக இந்த ஷாட்டை வளர்க்கும் அணிகள் தெரியாமலேயே புள்ளிகளைக் கொட்டிவிடுகின்றன.

ஃப்ரீ த்ரோவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியின் தொடக்கத்தில் வரிசையாக இருபது எறிவதற்குப் பதிலாக, ஓடிக் களைத்த நிலையில் இரண்டிரண்டாக எறியச் செய்ய வேண்டும். ஆட்டத்தில் அது அப்படித்தான் வருகிறது.

கணக்கெல்லாம் கைக்கு வந்தபின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த முயலாதீர்கள். மிக அதிகப் புள்ளி கசியும் ஒரு கூற்றைத் தேர்ந்து, அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு அதை மட்டும் கவனியுங்கள். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தேஞ்ஞிப்பலம் வரை பயணம் செய்து, அதே நாளில் ஆடும் அணியின் எண்களைச் சொந்தத் தளத்தில் ஆடிய எண்களோடு கலக்காமல் தனியாக வையுங்கள். மாணவர்களிடம் முழு அட்டவணையைக் காட்ட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆட்டத்திலிருந்து நன்றாக இடைவெளி வைத்த ஒரு காட்சியும், நெருக்கி நின்ற ஒரு காட்சியும் காட்டினால் போதும். அதைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள், அணியின் முன்னால் வேண்டாம்.