ஷியரிங் மெஷினில் விரல் போகாமல் ஷீட் வெட்டுவது எப்படி?

கோவைப் பக்கம் மதுக்கரை, க.க.சாவடியில் தொடங்கி வாளையார் எல்லை தாண்டிக் கேரளத்துக் கஞ்சிக்கோடு வரை ஷீட் வேலை நடக்கும் பட்டறைகளில் பழைய மெக்கானிக்கல் ஷியரிங் மெஷினும் ஹைட்ராலிக் மெஷினும் ஓடுகின்றன. இரண்டிலும் ஷீட்டை நுழைத்துப் பெடலை மிதித்தால் வெட்டிவிடும். மிதித்த அடுத்த நொடியில் நடப்பதுதான் வேறு. உங்கள் கைக்கு வந்திருப்பது எது என்று தெரியாமல் பெடலில் கால் வைக்காதீர்கள்.

பழைய மெக்கானிக்கல் மெஷின் பலவற்றில் பின் கிளட்ச் (pin, அதாவது முளை வைத்த கிளட்ச்) இருக்கும். மோட்டார் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்ததும் அந்த முளை விழுந்து ஃபிளைவீலோடு ஷாஃப்ட் கோத்துக்கொள்ளும். அதன்பின் ஒரு சுற்று முடியும் வரை மேல் பிளேடு நிற்காது. காலை எடுத்தாலும், கத்தினாலும், ஸ்விட்சை அணைத்தாலும் வெட்டு முடிந்துதான் மேலே போகும். ஹைட்ராலிக் மெஷினில் பெரும்பாலும் பெடலை விட்டால் பிளேடு நின்றுவிடும் அல்லது மேலே திரும்பிவிடும். ஹைட்ராலிக்கில் பழகியவர் பின் கிளட்ச் மெஷினுக்கு மாறும் முதல் வாரம்தான் ரொம்ப ஆபத்து. பின் கிளட்ச் மெஷினில் சென்சார் திரை மாட்டினாலும் பயனில்லை. பாதி வழியில் நிறுத்த முடியாத மெஷினுக்கு நிலையான இரும்புத் தடுப்புதான் காவல்.

விரல் போவது பிளேடில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிளேடு தொடும் முன்பே ஹோல்டு டவுன் இறங்கி ஷீட்டை அழுத்திப் பிடிக்கும். எலும்பை நொறுக்க அந்த அழுத்தம் போதும். பின்பக்கம் பேக் கேஜ் பட்டைக்கும் (அளவுக்கு ஷீட்டை முட்ட வைக்கும் பட்டை) பிளேடுக்கும் இடையில் கை நுழையலாம். வெட்டுப்பட்ட துண்டு விழும் இடமும் அதுதான். அதனால் பின்பக்கத்திலும் தடுப்பு வேண்டும், ஆள் நிற்கக் கூடாது. ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொல்லி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். முன்தடுப்புக்கும் மேசைக்கும் இடையே ஷீட் நுழையும் அளவு இடைவெளி போதும். 6 மி.மீ. தாண்டினால் விரல் நுனி நுழையத் தொடங்கும். மார்க்கிங் கோடு தெரியவில்லை என்று தடுப்பைக் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கோடு தெரிய வேண்டுமென்றால் லைட் போடுங்கள், இல்லையென்றால் கேஜ் வைத்து வெட்டுங்கள்.

காலையில் மெயின் போடும் முன் மெஷினைச் சுற்றி ஒரு முறை வாருங்கள். மேசையில் ஸ்பேனர், பிட்டு (வெட்டிய துண்டு), கோடு கீறும் ஸ்கிரைபர் கிடக்கிறதா பாருங்கள். பெடலின் மேல்மூடி இருக்கிறதா, ஸ்பிரிங் காலைத் தள்ளித் திரும்புகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மெயின் போட்டபின் ஷீட் இல்லாமல் இரண்டு மூன்று முறை அடித்துப் பாருங்கள். ஒருமுறை மிதித்தால் ஒருமுறைதான் இறங்க வேண்டும். தானாக இரண்டாவது முறை இறங்கினால் கிளட்ச் தாழ்ப்பாளோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மெஷினில் அன்றைக்கு வேலை கிடையாது. அவசர ஆர்டர் இருந்தாலும் கிடையாது.

அடுத்து ஷீட். மெஷினின் தகட்டில் 2500 × 6 (மி.மீ. கணக்கில் வெட்டு நீளம் × கனம்) என்று இருந்தால் அது மைல்டு ஸ்டீல், அதாவது சாதா எஃகுக்கான கணக்கு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கடினம் என்பதால் அதே மெஷினில் சுமார் 4 மி.மீ. வரைதான் போகலாம். கம்பி, சதுரக் கம்பி, வெல்டிங் ஓடிய இடம், கேஸ் கட்டிங் செய்த ஓரம் எதையும் உள்ளே விடாதீர்கள். பிளேடில் சில்லு தெறிக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு டிரஸ் (இரும்புக் கூரைச் சட்டம்) போட்டுக் கூரை வேய்வதால் கலர் ரூஃபிங் ஷீட் நிறைய வரும். கிரைண்டரில் வெட்டினால் பெயின்ட் கருகுகிறது என்று வளைவு நெளிவான அந்த ஷீட்டை ஷியரிங்கில் கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். சமமாக இல்லாத ஷீட்டை ஹோல்டு டவுன் பிடிக்காது, மேடு நசுங்கும், ஷீட் இழுத்துக்கொண்டு திரும்பும். அதற்குக் கொறித்துக் கொறித்து வெட்டும் நிப்ளர் இருக்கிறது.

எடையையும் மனதில் வையுங்கள். எஃகு ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. எட்டுக்கு நாலு அடி ஷீட் 1 மி.மீ. என்றால் 23 கிலோ, 2 மி.மீ. என்றால் 47 கிலோ, 3 மி.மீ. என்றால் 70 கிலோ. 47 கிலோவை இரண்டு பேர் தூக்கலாம். 70 கிலோவுக்கு மேசை உயரத்தில் ரோலர் ஸ்டாண்டு போடுங்கள், இல்லையென்றால் செயின் பிளாக் பயன்படுத்துங்கள். எண்ணெய் பூசிய ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக வரும். 3 மி.மீ. வெட்டுகிறோம் என்று நினைத்து 6 மி.மீ. கொடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு ஷீட்டையும் மூலையில் பிரித்து, சந்தேகம் வந்தால் வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

கையுறை விஷயத்தில் ஒரே ஒரு பேச்சு: ஷீட் ஓரம் கிழிக்காத, கைக்கு இறுக்கமான வெட்டுத்தடுப்பு கையுறை. தொளதொள துணிக் கையுறை ஹோல்டு டவுனுக்கு அடியில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பக்கத்து டிரில்லிங் மெஷினுக்குப் போகும்போது எந்தக் கையுறையும் கழற்றப்பட வேண்டும்.

பிளேடு இடைவெளியைச் சரி செய்யாமல் நல்ல வெட்டு வராது. நல்ல வெட்டு வராவிட்டால் பிட்டை ஆட்டிப் பிரிக்கக் கை உள்ளே போகும். மைல்டு ஸ்டீலுக்குப் பொதுவாகக் கனத்தில் 5 முதல் 10 சதவீதம். 2 மி.மீ. ஷீட்டுக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. மெஷினோடு வந்த அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மெயினைப் பூட்டிவிட்டு, மேல் பிளேடுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரண்டு முனையிலும் நடுவிலும் விட்டுப் பாருங்கள். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். மேலே மூன்றில் ஒரு பங்கு பளபளப்பாகவும், கீழே மீதி சொரசொரப்பாக முறிந்தும் இருந்தால் இடைவெளி சரி. பளபளப்புப் பட்டை இரண்டு தடவை வந்தால் இடைவெளி குறைவு. அடிப்பக்கம் பிசிறு தடித்து நகத்தைக் கீறினால் இடைவெளி அதிகம், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது.

இப்போது வெட்டலாம். முதலில் ஒரு ஓரத்தை சைடு ஸ்டாப்பில் ஒட்டி ட்ரிம் செய்யுங்கள். 2440 × 1220 ஷீட் மூலைமட்டமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 2728 மி.மீ. வரும். பேக் கேஜை அளவுக்கு வைத்து இரண்டு முனையிலும் டேப் போட்டுச் சரிபாருங்கள். ஷீட்டை கேஜில் முட்டும் வரை தள்ளுங்கள். கையைத் தடுப்புக்கு வெளியே, ஷீட்டின் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகுதான் கால் பெடலுக்குப் போக வேண்டும். வெட்டியதும் காலை முழுவதும் எடுத்துத் தரையில் வையுங்கள். அப்புறம்தான் கை நகர வேண்டும். பெடல் மேலேயே காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஷீட்டைச் சரிசெய்வதுதான் விரல் போகும் வழி. தும்மலுக்கும் தடுமாற்றத்துக்கும் கால் அழுத்திவிடும்.

ஒல்லியான துண்டு எப்போதும் பின்பக்கம் விழ வேண்டும், அகலமானது உங்கள் கைப்பக்கம் இருக்க வேண்டும். 1220 அகலத்தை நாலாகப் பிரித்தால் 305 வரும். ட்ரிம்மில் 10 மி.மீ. போனால் கடைசித் துண்டு 295தான். அதை மறுபடி சிறியதாக்கும்போது கைப்பக்கம் மிஞ்சுவது ஹோல்டு டவுனை எட்டாமல் போகலாம். பிடிபடாத துண்டு பிளேடு பட்டதும் நட்டமாக எழுந்து இடுக்கில் சொருகிக்கொள்ளும். அதைப் பிடித்துவைக்கத்தான் கை உள்ளே போகிறது. அப்படியான சின்னத் துண்டை லீவர் கட்டரில் வெட்டுங்கள், அல்லது வெட்டுத் திட்டத்தையே முதலில் காகிதத்தில் மாற்றி எழுதுங்கள்.

இரண்டு பேர் வேலை செய்தால் பெடல் ஒருவருக்கு மட்டும். இங்கே ஒரே மெஷினில் தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் பேசுவார்கள். "அடி" என்று ஒருவர்தான் சொல்லலாம், அதுவும் எதிரே நிற்பவரின் கை தெரிந்த பிறகு. "நிறுத்து" என்று யார் வேண்டுமானாலும் எந்த மொழியிலும் கத்தலாம். "நிறுத்து" என்பதற்கு மூன்று மொழியிலும் உள்ள சொல்லைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சிக்கிக்கொண்டால் கைவிட்டு இழுக்காதீர்கள். மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போடுங்கள். அணைத்த பிறகும் ஃபிளைவீல் கொஞ்ச நேரம் ஓடும். கண்ணால் நின்றதைப் பாருங்கள். மேல் பிளேடுக்கு அடியில் கட்டை கொடுங்கள், ஹைட்ராலிக் என்றாலும். பிரஷர் இறங்கினால் பிளேடும் இறங்கலாம். துண்டைக் கொக்கியோ இடுக்கியோ வைத்து எடுங்கள்.

கரன்ட் போனாலும் மெயினை அணைக்க வேண்டும். கரன்ட் போனதும் ஸ்டார்ட்டரை விடுவிக்கும் நோ வோல்ட் பாதுகாப்பு வேலை செய்யாமல் இருந்தால் கரன்ட் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு காற்று உள்ளே வரும். ஈரமான பெடலில் செருப்பு வழுக்கும். ரப்பர் பாயும், அடி வழுக்காத பாதுகாப்பு ஷூவும் போடுங்கள். ஈரத்தோடு அடுக்கிய ஜி.ஐ. ஷீட்டில் வெள்ளைத் துரு பூக்கும், ஒட்டிக்கொள்ளும். நடுவில் பட்டை வைத்து அடுக்குங்கள்.

விரல் துண்டானால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையில் இருப்பதால் ஊர்ப் பெயரோடு நிற்பது தமிழ்நாடா கேரளமா என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள், விபத்து நடந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.