சிமுலேட்டரில் ஓட்டியாச்சு, கிரவுண்டுக்குப் போகலாமா?

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் காத்தாடி விட்டு வளர்ந்தவன், எனக்குக் காற்றைப் பற்றி யார் என்ன சொல்லித் தருவது என்ற திமிர் இருந்தது. ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்தை ஒரு மாதம் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிறு மதியம் ஃபோம் டிரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கடல் காற்று ஏறிவிட்ட நேரம். காற்றோடு திரும்பியதும் விமானம் தலைதெறிக்க ஓடுவதுபோலத் தெரிந்தது, பயந்து த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் குறைத்தேன், ஒரு இறக்கை தொங்கியது, அடுத்த நொடி மூக்கு மண்ணில். தரையில் நிற்கிற நமக்குத் தெரியும் வேகம் வேறு, இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகம் வேறு. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது கண்ணை நம்பி த்ராட்டிலைக் குறைத்தால் ஸ்டால்தான், இறக்கை தூக்கும் பலத்தை இழந்துவிடும்.

இதைச் சிமுலேட்டரிலேயே கற்றிருக்கலாம், நான்தான் காற்றைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டினேன். அதனால் முதல் வேலை, மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் காற்று வையுங்கள், கொஞ்சம் கொந்தளிப்பும் சேருங்கள். கீபோர்டு வேண்டவே வேண்டாம். கிரவுண்டில் பிடிக்கப்போகும் அதே ரிமோட்டை யுஎஸ்பி கேபிளில் மாட்டுங்கள், ஃப்ளைஸ்கை ஐ6 மாடல் ரிமோட் என்றால் பின்பக்கம் அதற்கான போர்ட் இருக்கிறது. பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம், ஆரம்பத்துக்கு அது போதும்.

சிமுலேட்டர் உண்மையிலேயே பழக்குவது விரலை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும், எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், யோசிக்காமல் கை போகிற வரை இதையே செய்யுங்கள். அப்புறம் லேண்டிங். வானில் வட்டமாகக் குட்டிக்கரணம் போடும் லூப் அடிப்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். 6 நிமிடத்துக்கு டைமர் வைத்து, அதற்குள் ஒவ்வொரு முறையும் இறக்கியே தீர வேண்டும், ரீசெட் பட்டனைத் தொடக்கூடாது.

திரையில் வராத விஷயங்களும் உண்டு. அங்கே விமானம் எப்போதும் பேலன்ஸாகவே இருக்கும், இறக்கையின் மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார் தலைகீழாக வேலை செய்யாது, வெயில் கண்ணில் அடிக்காது. கிரவுண்டில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான், அதாவது வலது இறக்கையின் பின்விளிம்பு மடல் மேலே எழ வேண்டும், எழாவிட்டால் அன்று பறக்காதீர்கள். மூன்று செல் கொண்ட 3எஸ் லிபோ பேட்டரி முழுதாக 12.6 வோல்ட், செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்.

இடம் பார்ப்பதுதான் நம் ஏரியாவில் தலைவலி. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள், இந்தப் பக்கம் துறைமுகம். எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் காற்று சாதுவாக இருக்கும், சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

பையில் இரண்டு ப்ரொபெல்லரும் 5 நிமிட எப்பாக்ஸி பசையும் இருக்கட்டும். அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்டுவிடாதீர்கள், தெர்மோகோலை அது அப்படியே தின்றுவிடும், என் விமானத்தின் மூக்கில் பாதி போனது அப்படித்தான்.