பைக்கில் ஊர்ப்புறம் சுற்ற முதல் ஜிபிஎஸ்: என் அனுபவம்

சென்னையிலிருந்து ஈசிஆர், ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் வழி பார்க்க செல்போனே போதும். உத்திரமேரூர் தாண்டி ஏரிக்கரை ரோடுகளிலோ ஜவ்வாது மலைப் பக்கமோ போனால் சிக்னல் இருக்காது, அப்புறம் சித்திரை வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் கொதித்துப்போய் திரை மங்கி தானாகவே அணைந்துவிடும். அதனால்தான் தனிக் கருவி தேடினேன்.

நான் பார்த்தது மெமரி கார்டு போட இடம், வெயிலிலும் தெரியும் திரை, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் பேட்டரி. கார்மின் கம்பெனியின் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில் இட்ரெக்ஸ் 10-இல் கார்டு போட முடியாது, 20-இல் முடியும், இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. பழைய இட்ரெக்ஸ் 20 ஒன்றை வாங்கிவிட்டேன்.

கூடவே வரும் வரைபடத்தில் பெரிய சாலைகள்தான் இருக்கும், கிராமத்து ரோடு வேண்டுமென்றால் பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை, அதுவும் வழி கணக்கிடக்கூடிய வகையாகப் பார்த்து, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைக் கார்டில் ஆங்கிலத்தில் கார்மின் என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் போட வேண்டும். அப்புறம் கருவியின் ரூட்டிங் (வழி தேடும்) அமைப்பில் மண் சாலையைத் தவிர்க்கும் டிக்கை எடுத்துவிட்டேன், ஏரிக்கரை வழியையும் காட்ட ஆரம்பித்தது. திரை 2.2 அங்குலம்தான், வண்டியை நிறுத்திப் பாருங்கள். தி.நகர் சந்துகளுக்கு இன்னமும் போன்தான் சரி.