தெரப்பிக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் இருந்துகொண்டு தெரப்பிக்கு, அதாவது மனப் பிரச்சினைக்குப் பேச்சு வழியாகத் தரும் சிகிச்சைக்கு, போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளத் தேவையில்லை. டாக்டர், வாத்தியார், கோயில் குருக்கள் என்று யார் முன்னால் உட்கார்ந்தாலும் "நல்லா இருக்கேங்க, பரவாயில்லைங்க" என்று தலையாட்டியே வளர்ந்தவர்கள் நாம். அதே தலையாட்டலோடு தெரப்பிஸ்ட் முன்னால் போய் உட்கார்ந்தால் காசும் போகும், நேரமும் போகும், மனசில் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சைக்காட்ரிஸ்ட் என்பவர் மனநல டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார். என்ன பிரச்சினை என்று முறையாகப் பரிசோதித்து, பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். கவுன்சலர், அதாவது பேசி ஆலோசனை தருபவர் என்றால், 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி லெம்பாகா கவுன்சலோர் மலேசியா என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் K.B. (பதிவுபெற்ற கவுன்சலர்), P.A. (தொழில் செய்வதற்கான சான்று) என்ற எழுத்துகளோடு பதிவு எண் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதற்கே கோபித்துக்கொள்கிறவரிடம் உங்கள் குடும்பக் கதையை எப்படிச் சொல்லப்போகிறீர்கள்?

செலவு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும், 300ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை, அதனால் நாலைந்து தடவைக்காவது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அவ்வளவு முடியாதென்றால் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குப் போனால் 5 வெள்ளி. ஆனால் காத்திருக்க வேண்டிவரும். சைக்காலஜி சொல்லித்தரும் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், மேற்பார்வையோடு பயிற்சி செய்கிறவர்களிடம் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம்.

மொழியைப் பற்றியும் யோசியுங்கள். ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலமும் மலாயும் பேசுகிறவருக்கும் அப்பாவோடு போட்ட சண்டை தமிழில்தான் நடந்திருக்கும். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. ஆனால் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ யாரைப் பார்த்தாலும் எப்படியோ நமக்குச் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ வந்து நிற்பார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படியென்றால் வேறு ஊரில் இருக்கும் தமிழ் தெரப்பிஸ்டை ஆன்லைனில் பாருங்கள். வீட்டில் அம்மா அடுத்த அறையில் சமைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பேசாதீர்கள், பாதியை முழுங்கிவிடுவீர்கள். காரை நிழலாக ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்து பேசலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதல் தடவை பெரும்பாலும் கேள்விகளாகவே போகும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், முன்பு இப்படி இருந்ததுண்டா, குடிப்பழக்கம் உண்டா. "ஒரே ஸ்ட்ரெஸ்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை என்னவெல்லாம் ஓடியது என்று சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்கும். போனில் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு போங்கள். பேச வராவிட்டால் போனையே நீட்டுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்றும் கேட்பார்கள். அது உங்களை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி இல்லை, வழக்கமாகக் கேட்பதுதான். தயவுசெய்து இங்கே உண்மையைச் சொல்லுங்கள். ஆமாம் என்றவுடன் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம் ஆட்கள் பயமுறுத்துவதை நம்பாதீர்கள். எண்ணம் வருவது வேறு, இப்போதே ஆபத்தில் இருப்பது வேறு, அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் மேற்கொண்டு கேட்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவையும் 2023இல் நீக்கிவிட்டார்கள். அப்பாயின்மென்ட் வரை தாங்காது என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் போனில் பேசுவதற்கு 24 மணி நேரமும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற உதவி அமைப்பின் எண் 03-7627 2929 இருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் 999, அல்லது நேராக எமர்ஜென்சி.

நீங்கள் பேசுவது வெளியே போகாது, ஆனால் விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, கோர்ட் உத்தரவு. இதை முதல் நாளே அவராகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டது, சாமியாடியிடம் போனது, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்வது, எதையும் மறைக்க வேண்டாம்.

சில நாள் பேசிவிட்டு வந்தபின் போனதைவிட மனசு பாரமாக இருக்கும். மூடி வைத்ததைத் திறக்கும்போது அப்படி ஆவது உண்டு. அன்றைக்கு உடனே வேலைக்கு ஓடாமல் இருக்க முடிந்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கியதுபோல் இருந்தாலோ, "இதெல்லாம் ஒரு விஷயமா, அனுசரித்துப் போங்கள்" என்று அவர் சொன்னாலோ, அது வேறு. நாலைந்து தடவைக்குப் பிறகும் எதற்காகப் போகிறோம் என்றே தெரியவில்லையா, அவரிடமே கேட்டுவிடுங்கள்: "நாம எதை நோக்கிப் போறோம்னு எனக்குப் புரியல, கொஞ்சம் விளக்கமா சொல்றீங்களா?" நல்லவராக இருந்தால் சந்தோஷமாகப் பேசுவார், வழியையும் மாற்றிப் பார்ப்பார். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள், அவர்கள் தொழிலில் அது சாதாரணம். அவர் மனசு கஷ்டப்படுமே என்று மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்காதீர்கள்.