வீட்டுக் கராஜுக்கு சாண்ட் பிளாஸ்டிங் பெட்டி வாங்குவதற்கு முன்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ, கடற்காற்றுப் படும் வீடொன்றில் பழைய மொரிஸ் மைனர் காரைக் கழற்றிப் புதுப்பிப்பவருக்கு, கம்பித் தூரிகை நுழையாத மூலைகளில் ஏறியிருக்கும் கறளை எடுப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. அந்தப் பாட்டைப் பெருமளவு குறைப்பது சாண்ட் பிளாஸ்டிங் பெட்டி: மூடிய பெட்டிக்குள் பாகத்தை வைத்து, அதில் பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டு, அழுத்திய காற்றால் நுண்துகளை வீசிக் கறளைப் பெயர்க்கும் கருவி. ஆனால் பெட்டி பார்க்கப் புறப்படும் முன், காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரைப் பாருங்கள். கறளைப் பெயர்ப்பது பெட்டியன்று, காற்று.

வீட்டுப் பாவனைக்கு வருபவை பெரும்பாலும், அடியில் கிடக்கும் துகளைக் காற்றோட்டத்தால் உறிஞ்சி வீசும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் துப்பாக்கி 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்றையாவது எதிர்பார்க்கும். ஒரு குதிரைவலுவுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கன அடியே கிடைக்கும் என்பதால், 3 குதிரைவலுக் கம்பிரசர்கூட இடையிடையே நிறுத்தி நிறுத்தி வேலை செய்யத்தான் போதும். அதையும் 13 ஆம்பியர் பிளக்கில் செருகாமல், மின்னியலாளரைக் கொண்டு தனி இணைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் முனையான நொசில் தேய்வதையும் மறக்கக் கூடாது: 5 மில்லிமீற்றர் துவாரம் 6 ஆக அகன்றால் அதன் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது, காற்றுச் செலவும் ஏறக்குறைய அதே அளவில் ஏறுகிறது. செராமிக் நொசில் விரைவில் தேயும். விலை கூடினாலும் போரன் கார்பைட் நீண்ட நாள் உழைக்கும்.

கொழும்பில் பலரும் கவனிக்காமல் விடுவது ஈரப்பதன். கம்பிரசரில் சூடாகி வெளியேறும் காற்று நீராவியைச் சுமந்து வந்து, குளிரும் இடத்தில் நீராக இறங்குகிறது. மழைக்கால மாலையொன்றில் துப்பாக்கி திடீரெனத் தும்மித் தும்மி வீசினால், உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பாருங்கள். துகளாகப் போட்ட நுண்ணிய கண்ணாடி மணிகள் ஈரச் சீனிபோல் கட்டியாகி வாயை அடைத்திருக்கும். காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் வடிகட்டியைக் கம்பிரசரின் வாயிலேயே பொருத்தினால் அதனூடாகச் சூடான நீராவி கடந்துவிடும். சில மீற்றர் இரும்புக் குழாயில் காற்றைக் குளிரவிட்டு, பெட்டிக்கு அருகில் வடிகட்டியை வையுங்கள். வெறுமையான இரும்பு இங்கே விரைவில் கறள் பிடிக்கும் என்பதால், சுத்தம் செய்த பாகத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் காரின் சில்லை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மொரிஸ் மைனரின் றிம் 14 அங்குலம், பழைய மினியினுடையது 10 அங்குலம். அது உள்ளே போனால் மட்டும் போதாது, கையுறை போட்ட கைகளால் புரட்டவும் இடம் வேண்டும். கதவு, பொனற் போன்ற அகன்ற தகடுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடும் வீச்சில் மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

துகள் விடயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆற்று மணலையோ கடல் மணலையோ போடாதீர்கள். மோதி உடையும் மணலிலுள்ள சிலிக்காவின் நுண்தூசி நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். பிளாஸ்டிங்குக்கு அத்தகைய மணலைத் தடைசெய்ய வேண்டுமென அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1974 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. தடித்த கறளுக்கு அலுமினியம் ஒக்சைட்டும், காபரேட்டர் உடல் போன்ற அலுமினியப் பாகங்களுக்குக் கண்ணாடி மணியும் ஏற்றவை. எதுவானாலும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே பாகத்தை உள்ளே வைக்க வேண்டும். பழைய பெயின்ற்றில் ஈயமும் இருக்கக்கூடும். ஆகவே, தூசியை இழுத்து வடிகட்டும் இணைப்பு இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது சுவாசக் கவசமும் அணியுங்கள்.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பெட்டியை நேரில் பார்க்கும்போது, ஒளிகூடிய கைவிளக்கொன்றை உள்ளே ஏற்றிவைத்துக் கதவை மூடி, கடையின் அந்த மூலையை இருட்டாக்கச் சொல்லுங்கள். பார்வைக் கண்ணாடியைத் தவிர்த்து, மூலைப் பொருத்துகளிலோ கதவின் ரப்பர் ஓரத்திலோ கையுறை வளையத்திலோ எங்கே வெளிச்சம் கசிகிறதோ, தூசியும் அங்கேதான் கசியும்.