அம்பு பட்ட மான் எங்கே போனது? இரத்தத் தடம் பார்த்துத் தேடும் முறை

வில்வேட்டைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வில்லைப் பற்றித்தான். எந்த வில் வாங்கலாம், எத்தனை பவுண்டு இழுவிசை, எந்த அம்புமுனை நல்லது. அம்பு மானைத் தைத்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் அரிது. வேட்டை அந்த நொடியில் முடிந்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. என் அனுபவத்தில், குறி தவறியதால் கைநழுவிய மான்களைவிட, அவசரப்பட்டு, மரத்தில் கட்டிய பரணை விட்டு இறங்கியதால் கைநழுவிய மான்களே அதிகம்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கீழே உள்ளது அமெரிக்க மாநிலங்களில் பயிற்சி முடித்து, உரிமம் பெற்று, பருவம் திறந்திருக்கும் நாட்களில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுபவர்களுக்கானது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

தலையில் மாட்டும் வெள்ளை வெளிச்ச விளக்கு, மாற்று பேட்டரி, ஒரு சுருள் டாய்லெட் பேப்பர், சிறிய ஸ்பிரே பாட்டிலில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, தொலைநோக்கி, செல்போன், கூரான சிறு கத்தி. இவ்வளவுதான். இரத்தத்தை மட்டும் ஒளிரச் செய்யும் என்று சொல்லி நீலமும் சிவப்பும் கலந்த விளக்குகளை விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன், இப்போது அது கார் டிக்கியில் கிடக்கிறது. இரவில் இரத்தம் தேட, பழைய பெட்ரோமாக்ஸ் வகை விளக்கின் பரந்த வெளிச்சம் இன்றும் இந்தப் புதுமைகளைவிட மேல்.

பெராக்சைடு எதற்கு என்றால், இரத்தத்தின் மேல் பட்டதும் அது வெண்ணிறமாகப் பொங்கும். இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதைச் சிதைத்து ஆக்சிஜனை வெளியேற்றுவதால் வரும் நுரை அது. அக்டோபர், நவம்பரில் மேப்பிள் இலைகள் தாமாகவே சிவப்புப் புள்ளிகளோடு உதிர்ந்து கிடக்கும். இரவு வெளிச்சத்தில் எது இரத்தம், எது இலையின் நிறம் என்று தெரியாது. ஒரு சொட்டுத் தெளித்தால் தெரிந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் உடையவர்களுக்கு இந்தப் பாட்டில் இல்லாமல் தடம் பார்ப்பது பெரும்பாடு.

படி 1: அம்பு வில்லை விட்டதும் மானைப் பாருங்கள்

காம்பவுண்டு வில்லிலிருந்து (கப்பிகள் பொருத்திய நவீன வில்) அம்பு நொடிக்கு 250 முதல் 300 அடி வேகத்தில் போகிறது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகும். எனவே நாண் அதிரும் சத்தம் அம்புக்கு முன்னால் மானின் காதை எட்டிவிடும். 30 கஜத்தில் அந்த இடைவெளி கிட்டத்தட்டக் கால் நொடி. பாய்ந்து ஓடுவதற்காக மான் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்த அது போதும். ஆகவே, குறி வைத்த இடத்தில்தான் அம்பு தைத்தது என்று நம்பிவிடாதீர்கள். 60 கஜத்தில் அடித்தேன் என்று பெருமை பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருவதில்லை. 25 கஜத்துக்கு மேல் நான் நாணை விடுவதில்லை.

மானின் நடத்தை பாதிக் கதையைச் சொல்லிவிடும். பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, தரையோடு தரையாகத் தாழ்ந்து பாய்ந்தோடினால் பெரும்பாலும் மார்பில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு, சில அடி ஓடி நின்று, பிறகு மெல்ல நடந்தால் வயிறு. வெள்ளை வாலை உயர்த்தி ஆட்டிக்கொண்டு போனால் அம்பு படாமலும் இருக்கலாம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கண்ணுக்கு மறைந்த பிறகு காதைத் தீட்டுங்கள். சுள்ளி முறியும் சத்தம், ஏதோ சரிந்து விழும் சத்தம், அதன் பின் அமைதி என்றால் நல்ல செய்தி.

இப்போது செல்போனை எடுத்து, பரணில் இருந்தபடியே இரண்டு படம் பிடியுங்கள்: மான் நின்ற இடம் ஒன்று, கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் ஒன்று. மேலிருந்து தெளிவாகத் தெரிகிற மரமும் புதரும் கீழே இறங்கியதும் முற்றிலும் வேறாகத் தெரியும். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழிந்திருக்கும்போதே ஒரு மணி நேரம் ஆனதாக மனம் சொல்லும்.

படி 2: இறங்காதீர்கள்

குறைந்தது அரை மணி நேரம் பரணிலேயே இருங்கள். கை நடுக்கம் அடங்கட்டும். அந்த நடுக்கத்தோடு இறங்கித்தான் பலர் விழுகிறார்கள். மார்பையும் தொடையையும் சுற்றிய பாதுகாப்புப் பட்டை, கால் மண்ணைத் தொடும் வரை கயிற்றில் கோத்தே இருக்க வேண்டும். பரண் ஏறுவதற்கு முன் பட்டை வாங்கக் காசில்லை என்றால் தரையில் உட்கார்ந்து வேட்டையாடலாம், அதுவும் வேட்டைதான்.

படி 3: அம்பைப் படியுங்கள்

சத்தமில்லாமல் மான் நின்ற இடத்துக்குப் போங்கள். அம்பு உடலைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தால் அங்கேயே கிடக்கும். தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு கையில் எடுத்து முனை முதல் இறகு வரை பாருங்கள்.

இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியான குமிழிகளோடு சோப்பு நுரை போல இருந்தால் நுரையீரல். மூச்சுக்காற்று கலந்ததால் வந்த குமிழிகள் அவை. குமிழி இல்லாத, கருஞ்சிவப்பான, கொஞ்சம் அடர்த்தியான இரத்தம் ஈரலுடையது. பிரகாசமான சிவப்பு, ஆனால் குமிழி இல்லை, அம்பில் கொழுப்பும் ஒட்டியிருக்கிறது என்றால் வெறும் தசையாக இருக்கலாம். இரத்தம் குறைவாக, பச்சையோ பழுப்போ ஆன கசடு ஒட்டியிருந்தால் இரைப்பை அல்லது குடல்.

சந்தேகம் இருந்தால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். இதற்குக் கூச்சப்படுபவர்கள் உண்டு. கூச்சத்துக்கு இங்கே இடமில்லை. நுரையீரல் துளைத்த அம்பில் இரத்த வாடை மட்டும் வரும். வயிற்றைத் துளைத்த அம்பின் புளித்த சாண நாற்றத்தை ஒரு முறை மோந்தவர் மறக்க மாட்டார். இறகுகளை விரலால் தேய்த்துப் பாருங்கள், மென்று அரைபட்ட புல்லோ சோளத் துணுக்கோ இருக்கும்.

தரையில் உதிர்ந்த மயிரையும் விட்டுவிடாதீர்கள். முனை வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிடக்கும். கருநுனியுள்ள பழுப்பு மயிர் முதுகுப் பக்கத்தைக் காட்டும். நீண்ட வெள்ளை மயிர் வயிற்றடியைக் காட்டும். ஆனால் உயரமான பரணிலிருந்து அடித்த அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறும் என்பதால், வெள்ளை மயிரைப் பார்த்ததும் ‘வயிற்றில் அடித்துவிட்டேன்’ என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: எவ்வளவு நேரம் காத்திருப்பது

இரண்டு நுரையீரலிலும் பட்ட மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் விழுந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் போதும். ஈரல் என்றால் குறைந்தது 4 மணி நேரம். இரைப்பை, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். மாலையில் அடித்திருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு விடிந்ததும் வாருங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் நீண்ட நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் மானின் இயல்பு. வயிற்றில் அடிபட்ட மானை யாரும் துரத்தாவிட்டால், அது சில நூறு கஜத்துக்குள் அடர்ந்த இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தப் படுக்கையிலேயே உயிர் போகும். நீங்கள் போய் எழுப்பிவிட்டால் ஒரு மைல் போனாலும் போகும், இரத்தமும் சொட்டாது.

‘மழை வருகிறதே, தடம் அழிந்துவிடுமே’ என்பார்கள். நுரையீரல் அடி என்றால் மழைக்கு முன் போய்விடுங்கள். வயிற்று அடி என்றால் மழையிலும் காத்திருங்கள். அந்த மான் எப்படியும் அதிகம் இரத்தம் சிந்தாது. நீங்கள் தேடப்போவது படுக்கையைத்தான். வெயில் நாளில் இறைச்சி கெடுமே என்ற கவலை நியாயமானது. அப்போதுகூட நான் 6 மணி நேரத்துக்கு முன் கிளம்ப மாட்டேன். இறைச்சி கெட்டால் இழப்பு; மான் தொலைந்தால் இறைச்சியும் போய், அந்த உயிர் பட்ட பாடும் வீண்.

படி 5: தடம் பிடித்தல்

இரண்டு பேர் போதும், அதிகம் போனால் மூன்று. ஊரையே கூட்டிக்கொண்டு போனால் தடத்தை மிதித்தே அழித்துவிடுவார்கள். ஒருவர் கடைசி இரத்தத் துளி அருகில் அசையாமல் நிற்க, மற்றவர் அடுத்த துளியைத் தேட வேண்டும். கிடைத்ததும் முதலாமவர் அங்கே வந்து நிற்பார். தடத்தின் மேல் ஒருபோதும் நடக்காதீர்கள். ஓர் ஓரமாக நடங்கள். பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில் மாட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன போக்கைக் கோடு போட்டுக் காட்டும். அது மழையில் தானே கரைந்துவிடும். பிளாஸ்டிக் நாடா என்றால் நீங்கள்தான் திரும்பப் போய்ப் பொறுக்க வேண்டும்.

முதல் 30, 40 கஜத்துக்கு ஒரு துளிகூட இல்லாமல் போகலாம். பயப்பட வேண்டாம். காயம் உயரத்தில் இருந்து, அம்பு வெளியேறாமலும் இருந்தால், உடலுக்குள் இரத்தம் நிரம்பிய பிறகுதான் வெளியே வழியும். அதுவரை குளம்புத் தடத்தைப் பாருங்கள். பாய்ந்தோடும் மானின் குளம்பு அகன்று ஆழமாகப் பதியும். காய்ந்த சருகு புரண்டு, அடியில் இருந்த ஈரச் சருகு மேலே வந்திருக்கும்.

துளியின் வடிவத்தையும் கவனியுங்கள். நின்ற மானின் இரத்தம் வட்டமாகச் சொட்டும். ஓடும் மானின் துளி சிதறி, போகும் திசையில் நீண்டிருக்கும். தரையை மட்டும் பார்க்காமல் முழங்கால் உயரப் புல்லையும் இளங்கன்றுகளின் தண்டையும் பாருங்கள். அங்கே பூசியிருக்கும் இரத்தம் காயத்தின் உயரத்தைச் சொல்லும். இருபக்கமும் பூசியிருந்தால் அம்பு ஊடுருவிப் போயிருக்கிறது. பத்து அடிக்கு ஒரு முறை நின்று, தொலைநோக்கியால் முன்னால் துழாவுங்கள். தரையையே பார்த்துக்கொண்டு போய், படுத்திருக்கும் மானைக் கிளப்பிவிடுவது புதியவர்கள் வழக்கம். இன்னும் சூடாக இருக்கும் படுக்கையோ, எழுந்து ஓடும் மானோ தெரிந்தால் உடனே நின்று, வந்த வழியே திரும்பிவிடுங்கள். காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

இரவில் தேடும்போது வில்லைக் கையில் வைத்திருக்கலாமா என்பதற்கும் மாநில விதி உண்டு. தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் வேலியில் நின்றுவிடுங்கள். உரிமையாளரின் அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேட்டைக் காவல் அதிகாரியை அழையுங்கள். ‘என் மான்தானே’ என்று தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 6: தடம் அறுந்துவிட்டால்

கடைசித் துளியிலிருந்து மான்கள் வழக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதைகளைப் பாருங்கள், முதலில் கீழ்நோக்கிப் போவதை. அதன் பிறகு அரைவட்டம் அரைவட்டமாக விரித்துக்கொண்டு போங்கள். செல்போன் வரைபடத்தில் நடந்த வழி பதிவானால், விட்டுப்போன மூலை தெரியும். ஓடைக்கரை, சாய்ந்த மரத்தின் அடி, முட்புதர் எதையும் விடாதீர்கள். வயிற்றில் அடிபட்ட மான் நீரை நாடும். மறுநாள் காலை காகங்கள் ஓரிடத்தில் கூடிக் கரைந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

இதற்குமேல் நீங்கள் அங்குமிங்கும் மிதிப்பதைவிடத் தடம் பிடிக்கும் நாயை அழைப்பது நல்லது. பல மாநிலங்களில் கயிற்றில் கட்டிய நாயைக் கொண்டு அடிபட்ட மானைத் தேட அனுமதி உண்டு. மானின் குளம்புப் பிளவில் இருக்கும் சுரப்பி ஒவ்வோர் அடியிலும் மண்ணில் வாடையை விட்டுச் செல்கிறது. பயின்ற நாய் அதைப் பிடித்துக்கொண்டு, இரத்தமே இல்லாத இடத்திலும் அந்த ஒரு மானையே தொடரும். யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பின் பட்டியலில் மாநில வாரியாக நாய் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பருவம் தொடங்குவதற்கு முன்பே இருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் மிதித்துக் கலைத்த பிறகு அழைத்தால், நாயையும் குறை சொல்லிப் பயனில்லை.

படி 7: மானைக் கண்டதும்

முதுகுப் பக்கமாக, குளம்புக்கும் கொம்புக்கும் எட்டாமல் அணுகுங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது, பின்வாங்குங்கள். நீண்ட குச்சியால் கண்மணியைத் தொட்டுப் பாருங்கள். இமைக்கவில்லை என்றால் முடிந்தது.

படம் எடுப்பதற்கு முன் மாநில விதி கேட்கும் அடையாளச் சீட்டைக் கட்டிவிடுங்கள். பிறகு தாமதிக்காமல் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, நெஞ்சுக்கூட்டை ஒரு குச்சியால் விரித்து வையுங்கள். உள்சூடு அப்போதுதான் வெளியேறும். அந்தக் கையோடு நுரையீரலையும் ஈரலையும் எடுத்துப் பாருங்கள். அம்பு எந்த வழியாகப் போயிருக்கிறது? பரணில் இருந்து நீங்கள் எடுத்த படத்தோடும், அம்பில் பார்த்த நிறத்தோடும் ஒப்பிடுங்கள். நான் இதை ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கிறேன். எந்தப் புத்தகத்தையும்விட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

கடைசியாகத் தலையைப் பற்றி. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட மான் நலிவு நோய் இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. கையுறை போட்டு வெட்டுங்கள், மூளையையும் தண்டுவடத்தையும் தொடாதீர்கள். உங்கள் பகுதியில் பரிசோதனை மையம் இருந்தால் தலையை அங்கே கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.