முகமது அலியைப் பட்டிமன்றம் ஏற்றுவது எப்படி

ஏற்காட்டில் ஒரு படிப்பகத்திலோ, சேலம் அம்மாபேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடை வாசலிலோ நாலு பேர் கூடி ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு வெகு விரைவில் அலியா டைசனா என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். அதன் பிறகு குரல் உயருமே தவிர வாதம் உயராது. இருவேறு காலத்து வீரர்களைக் கற்பனையில் மோதவிட்டால் எந்தக் கட்சியிடமும் சான்று இராது, ஆகவே எந்தக் கட்சியும் தோற்கவும் முடியாது. ஒரே ஒரு சாம்பியனை எடுத்துக்கொண்டு, அவருடைய பெயரை நிலைநிறுத்திய தருணம் எது என்று கேட்பதுதான் பட்டிமன்றத்துக்குத் தாங்கும் தலைப்பு. முதல் முயற்சிக்கு முகமது அலியே பொருத்தமானவர். அவர் 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியவர் என்பதால், அவையில் இருக்கும் பெரியவர்களும் ஆர்வத்தோடு காது கொடுப்பார்கள்.

தலைப்பை “அலியை அலியாக்கியது வென்ற இரவா, தோற்ற இரவா?” என்று வையுங்கள். வென்ற இரவு என்பது 1974 அக்டோபர் 30-ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், அன்றைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியது. தோற்ற இரவு என்பது 1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃப்ரேசியரிடம் தோற்றது. 1964-இல் சோனி லிஸ்டனை வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றதையும் 1975-இல் மணிலாவில் ஃப்ரேசியரை மீண்டும் வென்ற போட்டியையும் துணைச் சான்றாகக் காட்டலாமே ஒழிய, அவற்றைத் தனி அணிகளாக்கினால் விவாதம் சிதறிவிடும்.

அணிகள் பிரிவதற்கு முன்பே அளவுகோலை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய நாளில் எதிராளி எந்த நிலையில் இருந்தார், அலி எதை இழக்கக்கூடிய நிலையில் இருந்தார், அதற்கு முன் செய்யாத எதை அன்று குத்துச்சண்டை வளையத்துக்குள் செய்தார் என்ற மூன்று கேள்விகள் போதும். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததை எடைபோடுவதை நடுவர் அனுமதிக்கக் கூடாது. ஃபோர்மன் தோற்றார் என்று இன்று நமக்குத் தெரியும், அன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

கின்ஷாசா அணி எண்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஃபோர்மனுக்கு வயது 25. ஆடிய 40 போட்டிகளிலும் வெற்றி, அவற்றில் 37 நாக் அவுட். அலிக்கு வயது 32. அலியைத் தோற்கடித்த ஃப்ரேசியரை 1973-இல் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை கீழே தள்ளியவர் ஃபோர்மன். அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டனும் 1974-இல் அவரிடம் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. இந்தப் பின்னணியைச் சொல்லாமல், கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிய உத்தியை மட்டும் வியந்து பேசினால் அது கதாகாலட்சேபமாகிவிடும். முதல் சுற்றில் வலக்கையால் நேரடியாகத் தாக்கிப் பார்த்த அலி, அது போதாது என்று கண்டு, இரண்டாவது சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, தலையைக் காத்துக்கொண்டு, கைகளிலும் விலாவிலும் அடிகளை வாங்கி எதிராளியின் மூச்சைக் கரைத்தார். கால்களின் வேகத்தால் பெயர் பெற்றவர் கால்களை நிறுத்தி வென்றார் என்பதே இந்த அணியின் வலுவான வாதம். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்ததை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். அது எல்லோருக்கும் தெரிந்தது.

தோல்வி அணிக்கு வேலை கடினம், ஆனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை 1967-இல் மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிபோய், மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்கு வெளியே இருந்தவர், திரும்பி வந்து இரண்டே போட்டிகள் ஆடிய நிலையில், 26 போட்டிகளிலும் தோல்வி காணாத ஃப்ரேசியரை எதிர்கொண்டார். பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியரின் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தாடையில் இறங்க, மல்லாந்து விழுந்த அலி உடனே எழுந்து சுற்றை முடித்தார். நடுவர்கள் ஒருமனதாக ஃப்ரேசியருக்கே வெற்றி அளித்தார்கள். அடி தாங்குவாரா என்று அதுவரை எழுந்த ஐயத்துக்கு அந்த எழுச்சிதான் விடை. கின்ஷாசாவின் கயிறு அங்கேயே கட்டப்பட்டுவிட்டது என்று இந்த அணி வாதிடலாம்.

ராணுவ மறுப்பு வளையத்துக்கு வெளியே நடந்தது, அதைச் சேர்க்கலாமா என்ற தகராறு எல்லா இடத்திலும் எழும். அந்த இரவில் அவரோடு வளையத்துக்குள் வந்ததை மட்டும் சேர்க்கலாம் என்று நடுவர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். இதன்படி தோல்வி அணிக்கு ஓர் உரிமை கிடைக்கிறது: ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது 1971 ஜூனில்தான், மார்ச்சில் அவர் கையுறை மாட்டியபோது அந்தத் தண்டனை இன்னும் தலைமேல் இருந்தது. “அந்த மூன்றரை ஆண்டுகள் கிடைத்திருந்தால்” என்ற வாதத்தை மட்டும் அணிக்கு ஒரு முறைக்கு மேல் அனுமதிக்காதீர்கள்.

சாம்பியனின் குறையைப் பேசாத பட்டிமன்றம் புகழ்மாலையாகத்தான் முடியும். தடைக்காலத்தில் அலி மீண்டும் ஆட வேண்டும் என்று ஆதரவாகப் பேசியவர் ஃப்ரேசியர். அவரையே அலி கொரில்லா என்றும், வெள்ளையரின் கையாள் என்றும் பொதுவெளியில் இழிவுபடுத்தினார். இதைச் சொல்லும் பொறுப்பை அலியின் மேல் அதிகப் பற்றுள்ள பேச்சாளரிடமே கொடுங்கள், வேறு யார் சொன்னாலும் அது பகையாகக் கேட்கும்.

யாராவது எழுந்து, அலிக்கு முந்தைய காலத்து ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் தோற்கவே இல்லையே என்பார். கேள்வி நியாயமானதே, மார்சியானோ 1951-இல் வென்ற முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு அப்போது வயது 37 என்று நினைவூட்டிவிட்டுத் தலைப்புக்குத் திரும்புங்கள்.

பேச்சாளருக்கு எட்டு நிமிடம், மறுப்புரைக்கு மூன்று நிமிடம் போதும். ஏற்காட்டில் நடத்துவதானால் மாலை மூன்று மணிக்கே தொடங்குவது நல்லது, ஏனெனில் சேலத்திலிருந்து வந்தவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனி இறங்கும் முன் கடக்க வேண்டும். நடுவர் இரண்டு அணியும் வென்றதாகச் சொல்லி நழுவக் கூடாது. ஒரு பக்கம் தீர்ப்பளித்து, எந்த அளவுகோல் தம்மை அந்தப் பக்கம் சாய்த்தது என்பதையும் கூற வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு லாரி ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அலியின் பயிற்சித் துணையாக இருந்து, 1980-இல் 38 வயது அலியையே தோற்கடித்து, 48 தொடர் வெற்றிகளோடு மார்சியானோவின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக நின்றுபோனவர் அவர். அவரைப் பற்றி அவையில் யாருக்கும் முன்முடிவு இருக்காது.